பலித்துப்போன பிரசங்கம்

அதைத்தான் சொல்றேன் பாஸ்டர், போன மாசம் நீங்க பண்ணின பிரசங்கத்தாலதான் என் வீட்டுல இப்ப இந்த நிலைமை. வாயைத் திறங்க. இன்னும் பெருசா. பிரசங்க மேடையில திறக்கறீங்களே, அந்த அளவுக்கு. ஆங். மரத்துப்போச்சா? தலையை ஆட்டாதீங்க, கண்ணை மூடித் திறந்தாப் போதும்.

கடைவாய்ப் பல்லு சொத்தை. என்ன, ஞாயித்துக்கிழமை பேச முடியுமாவா? தாராளமா. பேசியே ஆகணும். எனக்கு அதுல ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கு, சொல்றேன்.

உங்களுக்கு முன்னாடி இருந்தவரு தங்கமான மனுஷன். ஆனா வசனத்தை வாசிப்பாரு, வேதத்தை மூடுவாரு, அதோட சரி. அப்புறம் கதைதான். ஒரு ராஜா வருவான், ஒரு கப்பல் முழுகும், அவரு மாமியாருக்கு ஆபரேஷன் நடக்கும். வசனம் பாவம் வாசல்லயே நிக்கும், உள்ள வான்னு கூப்பிட நாதியில்லாம. கடைசியா ஒண்ணு சொல்லி முடிக்கறேம்பாரு, அதுக்கப்புறம்தான் சூடே பிடிக்கும். எங்களுக்கும் அது வசதி. நீட்டிப் பேசினா நாங்க தப்பிச்சுக்குவோம். ஒரு வாரத்துப் பல்லையெல்லாம் உக்காந்த இடத்துலயே மனசுக்குள்ள பிடுங்கி முடிச்சிருவேன்.

நீங்க என்ன பண்ணினீங்க? முதல்ல போய் உன் சகோதரனோட ஒப்புரவாகுன்னு ஒரே வசனம். ராஜா இல்ல, கப்பல் இல்ல. நானே என் மச்சினனோட பேசாம இருந்தேன், நேத்துதான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்னீங்க. முதல் ஊசியை உங்களுக்கே போட்டுக்கிட்டீங்க. அப்புறம் எங்களைப் பாத்தீங்க. பாத்துட்டு உக்காந்துட்டீங்க! அப்படிப் பொசுக்குனு உக்காரலாமா? மனுஷன் எங்க போய் ஒளிவான்? என் வீட்டுக்காரி முழங்கையால ஒரு இடி இடிச்சா பாருங்க.

எங்க அண்ணன் அந்தப் பக்கத்து பெஞ்சு. ஒரு ஏணியால பேச்சு நின்னுபோச்சு. அவரு எங்கிட்ட வாங்கிட்டுப் போனது முழு ஏணி, திரும்பி வந்தது ஒரு படி குறைச்சல். அது முதல்லயே அப்படித்தான்னாரு. சிரிக்காதீங்க, மிஷின் ஓடிட்டிருக்கு. அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பினவங்கதான். ஒரே சபை, ஆனா ஆளுக்கொரு வாசல் வழியா வெளிய போவோம்.

ஆராதனை முடிஞ்சதும் போய்க் கையைப் பிடிச்சேன். பிடிச்சதோட விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்துச்சா? என் வீடு உன் வீடுண்ணான்னுட்டேன். அவரு வீட்டுல அப்ப கூரை மராமத்து. சாயங்காலமே பொட்டியோட வந்து இறங்கிட்டாரு. தனிக்கட்டைதானே, என்ன யோசனை.

அன்னையிலேருந்து படுத்தறாரு பாஸ்டர். காலங்காத்தால குளியலறையில கீர்த்தனை. ஒரே சரணம், தினம் வேற வேற ராகம். அப்புறம் இங்க வந்து, காத்திருக்கறவங்க நடுவுல உக்காந்துக்கிட்டு, டாக்டர் சின்ன வயசுல ரத்தத்தைப் பாத்தா பொத்துனு விழுவாருங்கறாரு. நேத்து ரெண்டு பேரு வலியே போயிடுச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நம்ம சபையில யாருக்குமில்லாத சுகமளிக்கற வரம் எங்கண்ணனுக்கு!

ராத்திரிச் சாப்பாட்டுல என் நாற்காலி அவருக்கு. அவரு பேசப் பேச வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அதே ஜோக்கை நான் சொன்னப்ப ஒரு ஈ காக்கா சிரிக்கல.

என்ன, முழிக்கறீங்க? புரியுது. அண்ணனைக் கிளப்பிவிட ஒரு பிரசங்கம் கேக்கப்போறேன்னு பயப்படறீங்க. மேடையிலேருந்து ஒருத்தனைக் குறிவெச்சுப் பேசினா அது பிரசங்கமில்ல, வம்புங்கறது எனக்கும் தெரியும். அடுத்தவன் வீட்டுல அடிக்கடி கால் வைக்காதேன்னு நீதிமொழிகள்ல இருக்குல்ல? தயவுசெஞ்சு இந்த வாரம் அதை மட்டும் எடுத்துடாதீங்க.

கூரை வேலை முடிஞ்சுபோச்சாம். திங்கக்கிழமை கிளம்பறேன்னுட்டாரு. இங்கயே இருண்ணான்னு சொல்லத்தான் நேத்து அவரு ரூமுக்குப் போனேன். பல்பு நல்லா எரியுதாண்ணான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

அண்ணன் தம்பி ஒண்ணா குடியிருக்கறது எவ்வளவு நல்லதுன்னு சங்கீதத்துல வருதே, அதை வாசிங்க. வாசிச்சுட்டு எங்க பெஞ்சுப் பக்கம் லேசா பாத்துட்டு உக்காந்துடுங்க.

ம், இப்பத் துப்புங்க.