தொடாத கட்டி

“எத்தனையோ புத்துநோய்க் கட்டிங்களப் படிச்சிருக்கேனுங்க. ஒன்னையும் தொட்டதில்லைங்க.”

எடப்பாடியிலிருந்து சேலம் போகிற பேருந்தில், முன் இருக்கையில் இந்தப் பேச்சு எழுந்ததும் காதைக் கொடுத்துவிட்டேன். சொன்னவள் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே புற்றுநோயைக் கம்ப்யூட்டரில் ஆராய்கிறவள். பக்கத்தில் இருந்த அம்மாள், கழுத்துக் கட்டிக்கு முதல்முறையாகக் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.

“தொடாம என்னத்த சாமி படிச்ச?”

“எங்களுக்கு எல்லாமே வெறும் நம்பராத்தான் வருமுங்க.”

“அப்ப நான் பொழைப்பனான்னு சொல்லு.”

“ஒருத்தரப் பத்தி மட்டும் சொல்லத் தெரியாதுங்கம்மா.”

அம்மாள் முந்தானையை விலக்கி, அவள் கையை இழுத்துக் கட்டிமேல் வைத்துக்கொண்டார்.

அவள் விரலால் லேசாக அழுத்திப் பார்த்தாள். “அடியில துடிக்குதுங்க,” என்றாள் அப்புறம், மெதுவாக.

“அது கட்டியில்ல சாமி. அது நானு.”