கணினிக்கு வைத்த பொட்டலம்

எனக்குத் தேங்காய் மணம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

தேநீர் நன்றாக இருக்கிறது, முதலாளியம்மா. இந்த மேசையில் உட்கார்ந்து உங்கள் கையால் ஊற்றிக் குடிக்கும் பாக்கியம் கணக்கருக்கும் கொள்முதல்காரர்களுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கோப்பை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை ஆறு கணினிகளின் தலைமேலும் இருந்த பச்சைப் பொட்டலங்களை எடுத்துப் பிரித்தீர்கள். ஐந்தில் தெர்மகோல் துண்டுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் தேங்காய்ப்பால் தடவிய நிஜமான சோளச் சுருள். நீங்கள் கோபப்படவில்லை. "இந்த ஒண்ணு மட்டும் ஏன்டா நிஜம்?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அதற்குப் பதில் விளங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வேலைக்கு வந்திருந்தேன். கப்பலில் ஏற வேண்டிய திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். நானும் மூன்றாம் எண் இயந்திரமும். கேமரா ஒவ்வொரு ஆணியையும் பார்க்கும், கோணலாக இருந்தால் காற்றால் ஊதித் தள்ளும், நான் நிரம்பிய தொட்டியை எடுத்துவிட்டுக் காலித் தொட்டியை வைப்பேன். இயற்பியலில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவனுக்கு அது கடினமான வேலை இல்லை. நம் காங்ஷான் ஊர் முழுக்க அன்று கோயில் ஊர்வலம். சாலையை அடைத்துப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரும் பையன் வரவில்லை.

அந்த இயந்திரத்தை ஓட்டும் கணினியின் மேல், நம் கணினிகளைப் பார்த்துக்கொண்ட குவோ அண்ணன் வைத்த பச்சைப் பொட்டலம் சாய்ந்து நின்றது. அவர் கையெழுத்தில், "மூணாம் நம்பர் கண்ணு, கப்பல் கிளம்புற வரைக்கும் அடம்பிடிக்காதே" என்று எழுதியிருந்தது. இயந்திரங்கள் சமர்த்தாக இருக்க அதை வைக்கிறோம் என்பதும், பச்சை மட்டுமே ஆகும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது என்பதும், தேதி கடக்கக் கூடாது, பணியிலிருக்கும் பொட்டலத்தை யாரும் தின்னக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இந்தத் தீவில் வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் சோளச் சுருளுக்கும் மின்சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படித்தவன் என்ற முறையில் அதை நான் யோசித்தேன். யோசித்த பிறகுதான் தின்றேன்.

எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வது என் வழக்கம். பொட்டலத்தின் அடிப்பக்கம் பிளேடால் கீறினேன். தின்று முடித்ததும், மாதிரி ஆணிகளை அனுப்பும் அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மகோல் துண்டுகளை எடுத்துச் சுருள் அளவுக்குக் கிள்ளி நிரப்பினேன். ஆணிப் பைகளை ஒட்டும் சூட்டுக் கருவியால் கீறலை ஒட்டினேன். குலுக்கிப் பார்த்தபோது சத்தம் மட்டும் கொஞ்சம் மெலிதாக இருந்தது. எழுத்து தெரியும்படி பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பொத்தானை அழுத்தியபோது மூன்றாம் எண்ணுக்கு உயிர் வந்தது. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, கீபோர்டு மினுங்கியது. திரை மட்டும் கறுப்பு.

இதற்கு நான் பொறுப்பில்லை. பக்கத்தில் ஆணித் தலை அடிக்கும் இயந்திரம் வருடக்கணக்காகத் தரையை அதிரவைக்கிறது. உள்ளே ரேம் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குவோ அண்ணன் அமைதியாகத்தான் ஆரம்பித்தார். மானிட்டர் கம்பியைக் கழற்றி மாட்டினார். மானிட்டரைத் தூக்கிப்போய் இரண்டாம் எண்ணில் செருகினார், அங்கே படம் வந்தது. அப்படியானால் கோளாறு பெட்டிக்குள் என்றார். பெட்டியைத் திறந்து ரேமைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார். அவர் எப்போதும் செய்வதுதான். பத்தில் எட்டு தடவை அதிலேயே சரியாகிவிடும்.

நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"லாய், நேராப் பிடிடா. வெளிச்சம் எங்கயோ போகுது பாரு."

"பசி, அண்ணே."

"எப்பப் பாரு பசி. வயித்துல பாம்பா வளக்குற?"

ரேமைத் திரும்பச் செருகினார். கறுப்பு. மறுபடி பிடுங்கித் தேய்த்துச் செருகினார். கறுப்பு. பொத்தான் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து மாட்டினார். திரை அட்டையை மாற்றினார். புது ரேம் வாங்கிவந்து போட்டார். எல்லாமே கறுப்பு.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் மேல்மூடி சல்லடை போல இருக்கும். நான் அதன்மேல் வைத்துத்தான் தெர்மகோலைக் கிள்ளினேன். துணுக்குகள் உள்ளே விழுந்திருக்கின்றன. ரப்பரால் தேய்த்த பொருளில் தெர்மகோல் ஓடிவந்து ஒட்டும். இது பள்ளிப் பாடம். குவோ அண்ணன் தேய்த்த ரேமில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து இடுக்குக்குள் போய் அடியில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளை இடுக்கில் வெள்ளைத் துணுக்கு. எங்கே பார்ப்பது என்று தெரிந்தவன் கண்ணுக்குத்தான் படும். அந்தப் பழைய பலகையில் வேலை செய்வதும் அந்த ஓர் இடுக்குத்தான். யோசித்துப் பார்த்தால், அதை உள்ளே தள்ளியது குவோ அண்ணனின் கைதான். இதை நான் அவரைக் குறைசொல்லச் சொல்லவில்லை.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். துணுக்கு இருக்கிறது என்று சொன்னால், துணுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய் இன்னொரு கேள்வியை உண்டாக்குவது எனக்குப் பிடிக்காது.

மூன்று நாள் போயிற்று. கேமராவின் மென்பொருள் பழையது, வேறு கணினியில் ஓடாது. துறைமுகத்திலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. குவோ அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த மனைவியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, இங்கேயே விரித்துப்போட்ட அட்டைப்பெட்டியின் மேல் படுத்துக்கொண்டார். அவருடைய தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. இந்த வேலை நிலைத்தால் பிள்ளை பிறக்கும்போது வீட்டில் தலைநிமிர்ந்து நிற்பேன், மாமனாரின் ஆட்டிறைச்சிக் கடையில் ஏனம் கழுவ வேண்டியிராது என்று டார்ச் வெளிச்சத்தில் என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பொட்டலம் களைத்திருக்கும், புதிது வையுங்கள் என்றீர்கள். பழையது தேதி கடக்காதது, வீணாக்குவானேன் என்று நீங்களே பிரித்து முதலாளியின் கையில் கொடுத்தீர்கள். அவர் ஒன்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். "நமுத்துப்போச்சு," என்றார். இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். நீங்கள் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினீர்கள். அது நசுங்கவில்லை.

"யாரு வெச்ச பொட்டலம் இது?"

குவோ அண்ணன் தன் கையெழுத்தைப் பார்த்தார். "நான்தான் வெச்சேன், முதலாளியம்மா."

"கணினியைச் சரிபண்ண முடியலேன்னா அது வேற விஷயம். எவனுக்கும் ஆகும். ஆனா மெஷினுக்கே தெர்மகோலைக் கட்டி வெச்சு ஏமாத்துறவனை நான் எப்படிக் கூட வெச்சுக்கறது?"

அவர் வேலை போவதைப் பற்றி எதுவும் பேசவில்லை. முகம் வெளுத்து, "நான் மூணாம் நம்பரை ஏமாத்துவேனா?" என்று மட்டும் கேட்டார். அதை உங்களிடம் கேட்கவில்லை. கணினியிடம் கேட்டார். ஸ்கூட்டரில் ஏறிப் போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

புதுப் பொட்டலத்தை வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெட்டி திறந்தே கிடந்தது. எல்லாரும் முதலாளிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது சின்னச் சாமணத்தால் துணுக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ரேமைச் செருகினேன். பொட்டலத்தை மேலே வைத்து, கைகூப்பி, பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது.

நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் சொன்னேன். அதை நீங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "இவன் கையை மெஷினுக்குப் பிடிச்சிருக்கு," என்றீர்கள். அடுத்த வாரம் குவோ அண்ணனின் வேலையும் அவருடைய சக்கரம் வைத்த நாற்காலியும் குளிர்சாதன அறையும் எனக்கு வந்தன. நான் கேட்டு வாங்கியதில்லை.

குவோ அண்ணனுக்கும் கெடுதல் ஒன்றும் நடந்துவிடவில்லை. பிள்ளை பிறக்கும் நேரத்தில் வீட்டோடு இருந்தார். எத்தனை அப்பாக்களுக்கு அது கிடைக்கிறது? குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தபோது, வழக்கப்படி எனக்கும் எண்ணெய்ச் சோறும் சிவப்பு முட்டையும் அனுப்பினார். இரண்டு பெட்டி சாப்பிட்டேன். மாமனார் கடைக்கு நான் போனால், ஏனம் கழுவுவதை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு வந்து, கிண்ணத்தில் கூடுதலாக இரண்டு துண்டு போடுவார். மூணாம் நம்பர் எப்படி இருக்கு என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பேன். "அப்பச் சரி," என்பார். அந்தக் கடையின் இஞ்சிச் சாறு மிக நல்லது.

மற்றப் பொட்டலங்கள் விஷயம். அவற்றை வாங்கும் பொறுப்பு இப்போது என்னுடையது. ஒவ்வொன்றாகத்தான் நடந்தது. தெர்மகோல் காலாவதி ஆகாது என்பதை எண்ணிப் பாருங்கள். எறும்பும் வராது. ஐந்து கணினிகளும் ஒரு நாள்கூடக் கறுக்கவில்லை. துணுக்கு விழாமல் இருக்க அந்த வேலையை நான் குளியலறையில் வைத்துச் செய்தேன். முன்பு செய்த தவறிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் வாசலில் பசித்த ஆவிகளுக்கு ஏழாம் மாதப் படையல் போட்டோம். அதைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானாகவே சொல்லிவிடுகிறேன். முன்வரிசை முழுக்க நிஜம். பின்வரிசைப் பொட்டலங்கள் மட்டும்தான் தெர்மகோல். ஆவிகள் உண்பது மணத்தைத்தான் என்று நீங்களே சொல்வீர்கள். பைக்குள் மணம் இருந்தது, நான் முகர்ந்து பார்த்தேன். படையல் முடிந்து எல்லாருக்கும் பங்கு பிரித்தபோது பின்வரிசையை என் பங்காக நானே எடுத்துக்கொண்டேன். முன்வரிசையை மற்றவர்களுக்கு விட்டதற்காகப் பாராட்டினீர்கள். அதற்கு மறுநாள் முதலாளி குளியலறையில் வழுக்கி விழுந்தது தரை ஈரமாக இருந்ததால். சரக்கு வண்டி வாசல் கதவில் மோதியது ஓட்டுநர் தூங்கியதால். நான் இரண்டையும் விசாரித்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆறாவது பொட்டலம் என் மேசைக் கணினியின் மேல் இருந்தது. எந்தச் சோதனையிலும் ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐந்தில் பொய், ஒன்றில் மெய். ஆறும் ஒரே மாதிரி ஓடினால் இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று நிரூபணம். ஆறும் ஒரே மாதிரிதான் ஓடின. சோதனை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. பிறகும் அதை ஏன் தின்னவில்லை என்றால், மற்றதை எல்லாம் தின்ற வயிறு நிறைந்திருந்தது. காலையில் வந்ததும் அதன்முன் கைகூப்பி மூன்று தடவை குனிவது முதுகு வலிக்காக.

வெளியே நிற்கும் ஸ்கூட்டர் குவோ அண்ணனுடையது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூன்றாவது கோப்பையைச் சூடாக ஊற்றுங்கள், அவர் கை எப்போதும் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். நாற்காலியைத் திரும்பக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உயரத்தை மட்டும் அவர் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு ஏழைக் குடும்பஸ்தனின் வேலையைப் பறித்தேன், உங்களையும் முதலாளியையும் ஆவிகளையும் ஏமாற்றினேன் என்று நீங்கள் எழுதித் தருவதில் கையெழுத்துப் போடுகிறேன். போலீசை அழைப்பதானாலும் அழையுங்கள்.

ஒன்றே ஒன்று. காலையில் அவசரத்தில் என் மேசைப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டீர்கள். அந்தக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் தலைமேல் இப்போது ஒன்றும் இல்லை. அதை யாரும் அணைத்துவிட வேண்டாம். தெருமுனைக் கடை திறந்திருக்கும். என்னை அங்கே போய்வர விடுங்கள், ஓடிப்போய் ஓடிவந்துவிடுகிறேன். பச்சைதான், தேதி பார்த்துத்தான் வாங்குவேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, முதலாளியம்மா. ஆனால் தயவுசெய்து, கொஞ்சம் சீக்கிரம்.