பாஸ்டர் குறிச்ச கூட்டம்

நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, இருநூறு நாற்காலி, பாஸ்டர் பேருல. ஆமா தம்பி, இந்த வீடுதான். அவரு என் வீட்டுக்காரர். வண்டியிலேர்ந்து இறக்காதீங்க, கொஞ்சம் நில்லுங்க, சொல்றேன்.

ஸ்தோத்திரக் கூட்டம்னா நன்றி சொல்ற கூட்டம். எங்க பொண்ணு குணமானதுக்கு. பன்னெண்டு வயசு, ரத்தத்துல வியாதி. டாக்டரு இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாரு. அந்த வாரமே இவரு சபையில எழுந்து, அதுக்குள்ள அவ குணமாயிடுவான்னு கூட்டத்துக்குத் தேதி குறிச்சிட்டாரு.

எங்க சபையில எதை அறிவிச்சாலும் முன்னாடி கர்த்தருக்குச் சித்தமானால்னு ஒரு வார்த்தை போட்டுக்குவோம். நாளைக்கு என்னன்னு நமக்குத் தெரியாதுல்ல, அதுக்கு. நோட்டீஸ்ல அந்த வார்த்தைய வெட்டிட்டாரு. விசுவாசம் இல்லாதவன் வச்சுக்கிற பின்வாசலாம் அது. எல்லாரும் ஆமென் போட்டாங்க. நானும்தான்.

என் நாத்தனார் மட்டும் விடல. ஏண்டா, நீ ஆண்டவர்கிட்ட கேக்குறியா, அவருக்கு உத்தரவு போடுறியான்னாங்க. அன்னியிலேர்ந்து இவரு அக்காகூடப் பேசறதில்ல. இவரு அப்படித்தான். பைக் ஸ்டார்ட் ஆகலைன்னாலும் டேங்க் மேல கைய வச்சுக் கட்டளை போடுவாரு. அது கேக்காது, நான்தான் பின்னாடியிருந்து தள்ளணும். சிரிங்க, பரவால்ல.

கெட்டவரு இல்ல தம்பி. ஆஸ்பத்திரியில பொண்ணத் தோள்ல தூக்கிட்டு மூணு மாடி ஏறுவாரு. அவள விட்டுக்குடுக்க முடியல. அதைத்தான் விசுவாசம்னு நினைச்சுட்டாரு. ஊருக்கும் சொல்லிட்டாரு, அப்புறம் இறங்கி வர முடியல.

முந்தாநேத்து தண்ணி குடுக்கறப்ப அவ கேட்டா. அம்மா, நான் போயிட்டா அப்பா எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நிக்கணும்ல? அதனாலதான் வலிச்சாலும் பல்லக் கடிச்சுட்டு இருக்கேன்னா.

கண்ணு, நீ அப்பா பிள்ளை மட்டும் இல்ல, ஆண்டவரோட பிள்ளை. அவரு கூப்பிட்டா போ, அப்பாவ நான் பாத்துக்கறேன்னேன். நெசமாவான்னு கேட்டா. தலையாட்டினேன்.

உள்ள சத்தமா? அவருதான். எழுந்திரு, எழுந்திருன்னு விடிஞ்சதுலேர்ந்து சொல்லிட்டே இருக்காரு. தொண்டை கட்டிப்போச்சு. அவ கைய விட மாட்டேங்கறாரு.

ரசீதுல மாத்தி எழுதிக்கோங்க தம்பி. அடக்கம் பத்தொம்பதாந்தேதி, ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு.