கோகர்ணத்தில் தண்ணீர் லாரி

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் பயணப் பைகளோடு ஒரு கணவன், மனைவி. மனைவியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"கோகர்ணத்துல கடலைப் பாத்து நின்னுக்கிட்டு 'தண்ணி இன்னும் வரலையா'ன்னு கத்தின ஒரே ஆள் நீங்கதான்."

"ஃபிளாட் அசோசியேஷன் செகரட்டரின்னா போன் வரத்தான் செய்யும். லாரி வரலைன்னா என்னைத்தானே கேக்கறாங்க?"

"காட்டுக்குள்ள அந்த கைடு, சத்தம் போடாதீங்க, பறவை பறந்துடும்னார். நீங்க போன்ல 'சம்ப் தொட்டியில எவ்ளோ தண்ணி இருக்கு'ன்னு கத்தினீங்க. பறந்துடுச்சு."

"சரி, விடு."

"எப்படி விடறது? தேர் மேல வாழைப்பழம் எறியறது அந்த ஊரு வழக்கம். எல்லாரும் எறியறாங்க. நீங்க ஒரு கையில பழம், ஒரு கையில போன். தேர் போயே போச்சு. பழத்தை நீங்களே தின்னுட்டீங்க!"

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். போன் நின்றது, மறுபடியும் அடித்தது.

"எடுங்க."

"வேணாம்மா."

"எடுத்துத் தொலைங்க. லாரி வந்துச்சான்னு கேளுங்க. எல்லாப் பையிலயும் மணலும் அழுக்குத் துணியும்தான் இருக்கு."