பத்தாவது கட்டம்

இல்லக்கா, அந்த இடம் காலிதான், உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். உள்ள தமால் இருக்கு, சோள மாவை இலையில கட்டி அவிச்சது, ஆறிடக் கூடாதுன்னு துணியில சுத்தி வச்சிருக்கேன்.

என்ன கேட்டீங்க? எந்த மாசம் வந்தா நல்லதுன்னா? ஓ, என் கழுத்துல இந்த அட்டையைப் பாத்துட்டுக் கேக்கறீங்க. ஆமா, சுற்றுலாத் தகவல் மையத்துலதான் வேலை. இதே பஸ் ஸ்டாண்டுல, அதோ அந்தக் கண்ணாடிக் கூண்டு. இன்னிக்கு எனக்கு லீவு. பழக்கத்துல அட்டையை மாட்டிட்டு வந்துட்டேன். பரவால்ல, கேளுங்க. மெக்சிகோ சிட்டி பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பேசிட்டிருந்தா எனக்கும் நல்லதுதான். சும்மா இருந்தா பையைத் திறந்து திறந்து பாத்துட்டிருப்பேன்.

எங்கண்ணன் வர்றான். சிகாகோவுலேர்ந்து. பாத்து பதினாலு வருஷமாச்சு. இறங்கினதும் அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்றதா வேணாமான்னு மூணு வாரமா மண்டையைக் குடைஞ்சிட்டிருக்கேன். அது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க, எங்கெங்க போகணும்?

கடலும் வேணும், மலையும் வேணும், பாலைவனமும் வேணும், எல்லாம் ஒரே மாசத்துல. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. நீங்க அர்ஜென்டினாவா? பேச்சுலயே தெரிஞ்சுது. உங்க நாடும் இப்படித்தானே, ஒரு மூலையில பனி கொட்டும், இன்னொரு மூலை வெந்துட்டிருக்கும். அப்ப உங்களுக்கு நான் புதுசா ஒண்ணும் புரிய வைக்க வேண்டியதில்ல.

எழுதிக்கறீங்களா? எழுதிக்கோங்க. வடக்க பாலைவனத்துக்கு ஜூன், ஜூலைல போயிடாதீங்க, நிழல்ல நின்னாலும் தோல் உரியும். அதுக்கு நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள. கிழக்குக் கடற்கரைக்கு செப்டம்பர் வேணாம், புயல் மாசம். இங்க எங்க ஓவாகா பள்ளத்தாக்குல ஏப்ரல், மே வெறும் புழுதி, குழாயில தண்ணியும் ஒழுங்கா வராது. தெற்க காட்டுப் பக்கம் ஜூன்லயே மழை ஆரம்பிச்சுடும். இல்லக்கா, ஜூலை இல்ல, ஜூன்னு போடுங்க. ரப்பர் வேணுமா? இந்தாங்க. புதுசுதான், காலையில வர்ற வழியில வாங்கினேன். எதுக்கா? ஒரு சின்ன வேலை இருக்கு. இருக்கட்டும், நீங்க அழிங்க.

இதையெல்லாம் ஒரே தாள்ல போட்டு வச்சிருக்கேன், கூண்டுக்குள்ள ஒட்டியிருக்கு. ஊர் ஊரா, மாசம் மாசமா, பச்சை, மஞ்சள், சிவப்பு. முப்பது வருஷத்து மழை அளவைப் பாத்துப் போட்டது. நான் காலேஜ்ல படிச்சதே அதுதான். எங்க மேலதிகாரி ரெஃபூஹியோ அம்மாவுக்கு அந்தத் தாளைக் கண்டாலே ஆகாது. சிவப்பை யார்கிட்டயும் காட்டாத, எல்லா மாசமும் ஒரு அழகுன்னு சொல்லி அனுப்புன்னு சொல்லும். நான் காட்டிடுவேன். போன வருஷம் புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு ஆகஸ்ட் கடைசில மேல மலைக்குப் போகணும்னு வந்துச்சு. ரோடு சரியும், போகாதீங்கன்னு சொல்லிட்டேன். ரெஃபூஹியோ அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா, உன்னை உக்கார வச்சதுக்குப் பதிலா கதவுல ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கலாம்னு. சிரிக்காதீங்க. பொய் சொல்ல வராத பொண்ணுன்னு ஆபீஸ்ல எனக்குப் பேரு. அதை நல்ல பேருன்னு யாரும் சொன்னதில்ல.

எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சது நான் ஒருத்திதான். அண்ணன்தான் படிக்க வச்சான். அங்க வீடுகளுக்குக் கூரை போடுற வேலை அவனுக்கு. எலெயூத்தேரியோன்னு பேரு, நாங்க தேயோன்னு கூப்பிடுவோம். அவன் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டான். போனை எடுத்தா, என்ன பட்டதாரி, இன்னிக்கு யாரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பினன்னு கேப்பான்.

இத்தனை வருஷம் ஏன் வரலையா? வந்தா திரும்பிப் போக முடியாதேக்கா. பத்தொன்பது வயசுல காகிதம் இல்லாம எல்லை தாண்டினவன். அங்க தங்கறதுக்கான கார்டு இந்த மே மாசம்தான் கைக்கு வந்துச்சு. வந்த அன்னிக்கே அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டான், எந்த மாசம் வரட்டும்னு. நீங்க கேட்ட அதே கேள்வி. என்கிட்ட கேக்கல பாருங்க, அம்மாகிட்ட கேட்டான். எங்க வீட்டுல வானிலை இலாகா அம்மாதான்.

அதாவது, எங்க பக்கம் கபான்யுவேலாஸ்னு ஒண்ணு உண்டு. உங்க ஊர்ல இல்லையா? ஜனவரி மொத பன்னெண்டு நாள் இருக்குல்ல, அது ஒவ்வொண்ணும் ஒரு மாசம். ஒண்ணாந் தேதி எப்படி இருக்கோ ஜனவரி அப்படி, ரெண்டாந் தேதி எப்படியோ பிப்ரவரி அப்படி. விடியறப்ப, உச்சில, பொழுது சாயறப்ப, மூணு வேளையும் வெளிய போய் வானத்தைப் பாக்கணும். பாத்துட்டு, கோழிக்கடையில குடுக்கிற காலண்டர் இருக்கும்ல, அதுல அந்தத் தேதிக் கட்டத்துல பென்சிலால போட்டுடும் அம்மா. தூறினா புள்ளி, மேகம்னா கோடு, வெயில்னா சூரியன். படிக்கத் தெரியாது, ஆனா அந்தக் காலண்டரை வச்சுத்தான் சோளம் விதைக்கும், அதை வச்சுத்தான் கல்யாணத்துக்கு நாள் சொல்லும்.

நான் நம்பினேனான்னு கேக்கறீங்களா? ம். படிச்சதுக்கப்புறம் எப்படி நம்புறது. ஆனா எதிர்த்துப் பேசினதில்ல.

அதுல ஒரு கட்டுப்பாடு வேற உண்டு. ஏதாவது ஒரு நாள் பாக்காம விட்டுட்டா, அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடணும். வேற யாரும் பாத்து நிரப்பக் கூடாது. காலியா இருக்கிற மாசத்துல எதையும் தொடங்கக் கூடாது. கூரை போடக் கூடாது, பொண்ணு பாக்கக் கூடாது, பயணம் கூடாது. எங்க மாமா ஒரு தடவை அம்மா பேச்சைக் கேக்காம காலி மார்ச்சுல தகரக் கூரை போட்டார். போட்ட வாரமே காத்தடிச்சு, கூரை போய்ப் பக்கத்துக் கொல்லையில உக்காந்துச்சு. இருபது வருஷமாகியும் ஊர்ல அவருக்குப் பேரு மார்ச் மாமாதான்.

எங்க விட்டேன்? ஆ, அண்ணன் கேட்டான். ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் விடுவாங்க, இல்லைன்னா அக்டோபர் நடுவுல வேலை குறையும், அப்ப பதினெட்டு நாள் இருக்கலாம், எது சொல்றன்னான். அம்மா சுவத்துலேர்ந்து காலண்டரை எடுத்துப் பாத்துச்சு. ஆகஸ்ட்டுக்கு சூரியன் இருந்துச்சு, ஆனா குறுக்க ஒரு கோடு. அக்டோபருக்கு கோடே இல்லாத சுத்த சூரியன். பதினாலு வருஷம் பொறுத்தாச்சு, ரெண்டு மாசம் என்ன பெருசு, சுத்தமான மாசத்துல வா மகனே, ரோடு காஞ்சிருக்கும்னு சொல்லிடுச்சு.

அண்ணன் உடனே, பட்டதாரிகிட்ட போனைக் குடு, அவ தாள் என்ன சொல்லுதுன்னு கேப்போம்னான். வாங்கிப் பேசினேன். அக்டோபர் நடு பச்சைன்னு சொன்னேன். உண்மைதானே? என் தாள்ல பச்சைதான். அப்ப வானமும் காலேஜும் ஒத்துப்போச்சு, டிக்கெட் போட்டுடறேன்னு சிரிச்சான். அம்மாவும் சிரிச்சுச்சு. சிரிச்சா இருமல் வரும் அதுக்கு.

இருமல் ஜனவரியில பிடிச்சது. காய்ச்சலோட வந்துச்சு, காய்ச்சல் போச்சு, இருமல் போகல. விறகடுப்புப் புகைன்னாங்க, வயசுன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. ஆகஸ்ட் முழுக்க அம்மா நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை கூட மழை பெய்யல, பாருங்க, மழைக்கால நடுவுல அப்படிக் கொஞ்ச நாள் மழை விட்டு வெயில் காயும் எங்க ஊர்ல. தினம் சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து அவனுக்கு என்னென்ன சமைக்கணும்னு சொல்லிட்டே இருக்கும். நான் லீவுக்குப் போறப்பல்லாம் எழுதிக்கணும். மூணு பக்கம் வந்துச்சு.

செப்டம்பர் இருபத்திரெண்டு.

ஆமாக்கா. தூக்கத்துலதான். இல்ல, சொல்லாதீங்க, நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க, உங்களுக்குத் தெரியாதுல்ல.

அண்ணனால அடக்கத்துக்கு வர முடியல. அன்னிக்கே கிளம்பறேன்னுதான் நின்னான். எங்க மலை ஊருக்குக் கீழ ரோடு சரிஞ்சு அஞ்சு நாள் எந்த வண்டியும் ஏற முடியல, நானே ரெண்டு மணி நேரம் சேத்துல நடந்துதான் போனேன். வந்தாலும் முகம் பாக்க முடியாதுன்னு நான்தான் சொன்னேன்.  அப்புறம், சரி, அம்மா சொன்ன தேதிக்கே வர்றேன்னான். நவம்பர் ரெண்டு, இறந்தவங்க நாள் வரைக்கும் இருப்பான். வாசல்ல மூட்டை மூட்டையா சாமந்தி இறக்குறாங்க பாத்தீங்களா, அதுக்குத்தான்.

வெளிய பாருங்க. ஒரு பொட்டு மேகம் கிடையாது. நேத்து போன்ல அவனும் அதைத்தான் கேட்டான், வானம் எப்படி இருக்குன்னு. சுத்தமா இருக்குன்னேன். பாத்தியா, அம்மா கணக்கு தப்பவே இல்லைன்னான். அவன் குரல்ல அப்படி ஒரு பெருமை. கூட வேலை செய்யறவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கான், எங்கம்மா ஜனவரியிலயே இதைப் பாத்துச்சுன்னு.  சிக்னல் இல்லைன்னு வச்சுட்டேன். பாருங்க, அதுவும் ஒரு பொய்.

அவன் அம்மாவோடதுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அந்தக் காலண்டர். கண்ணாடி போட்டு சிகாகோல ரூம்ல மாட்டப் போறானாம். கொண்டு வந்திருக்கேன். பாக்கறீங்களா? பாருங்க, ஓரமாப் பிடிங்க, பென்சில் கலைஞ்சிடும்.

மேல கோழி படம், அதை விடுங்க. இதான் ஒண்ணு, ரெண்டு, மூணு. அஞ்சுல சூரியன், கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், மே மாசம் வெயிலுக்கு ஜோசியம் எதுக்கு. ஆறுலேர்ந்து புள்ளி. எட்டு, நான் சொன்னேன்ல, குறுக்க கோடு. ஒன்பது முழுக்கப் புள்ளி, செப்டம்பர்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?

ஆமா. வித்தியாசமாத்தான் இருக்கு. ரெண்டு நிமிஷம் பாத்த உங்களுக்கே தெரியுது, அவன் பத்தொன்பது வருஷம் அம்மா காலண்டரைப் பாத்து வளந்தவன், அவனுக்குத் தெரியாம இருக்குமா. அம்மா சூரியனுக்கு வெறும் வட்டம்தான் போடும். எல்லாத்தையும் பாருங்க, வட்டம். பத்துல மட்டும் சுத்திக் கதிர் இருக்கு. எட்டுக் கதிர். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி.

ஜனவரி பத்தாந் தேதி அம்மாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிடுச்சு, எந்திரிக்கவே இல்ல. நான் லீவுக்கு வந்திருந்தேன். நானும் வெளிய போய்ப் பாக்கல. உள்ள உக்காந்து கஞ்சி காய்ச்சிட்டு, துணி நனைச்சுப் போட்டுட்டிருந்தேன். மழையா வெயிலான்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது. சாயங்காலம் அம்மா பொலம்ப ஆரம்பிச்சுடுச்சு, கட்டம் காலியாப் போச்சே, ஒரு மாசமே போச்சேன்னு. பதறிப் பதறிக் காய்ச்சல் இன்னும் ஏறுது. அக்டோபர் எப்படியும் பச்சைதானேன்னு நெனைச்சேன். பென்சிலை எடுத்து நானே சூரியனைப் போட்டுட்டேன். மறுநாள் தெளிஞ்சு எந்திரிச்சு, இதை நானா போட்டேன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, மத்தியானம் வாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்து போட்டியே, மறந்துட்டியான்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத் தலையாட்டுச்சு.

காலியா விட்டிருந்தா அம்மா அவனை ஆகஸ்ட்லதான் வரச் சொல்லியிருக்கும். வேற மாசமே இல்லையே.

கதிரை மட்டும் அழிச்சுட்டா மீதி வட்டம்தான். ஒரு நிமிஷ வேலை. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணாடி போட்டு மாட்டிட்டு சந்தோஷமா இருப்பான். காலையிலேர்ந்து நாலு தடவை காலண்டரை வெளிய எடுத்துட்டேன்.

அறிவிப்பு சொல்றாங்களே, என்ன சொன்னாங்க? மெக்சிகோ சிட்டியா? ஆறாவது வாசல். சீக்கிரம் வந்துடுச்சு. ரோடு காஞ்சிருக்குல்ல.

காலண்டரைக் குடுங்க அக்கா. தமால் பை அந்தப் பக்கம், ஆங், குடுங்க. நீங்க பிப்ரவரில வாங்க, பாலைவனத்துல ஆரம்பிச்சு கீழ இறங்கி வாங்க, மூணும் பாத்துடலாம். இல்ல, ரப்பர் வேணாம். நீங்களே வச்சுக்கோங்க.