நிறம் விடும் குவளை

வேங்கைக் கட்டையை உடைத்தது நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. கடைசல் மிஷினில் மாட்டி மெதுவாக ஓட்டியிருக்கலாம். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிய வேகத்திலேயே நானும் ஓட்டினேன். அவருக்கு மரம் சீவல் சீவலாகச் சுருண்டு விழுந்தது. எனக்கு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஜன்னல் வழியாகப் பறந்து, பக்கத்து வீட்டு கிரைண்டருக்குள் போய் விழுந்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டு இட்லி எப்படி இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

என் பெயர் குமரேசன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களிடம் ரூம் இல்லை என்று சொல்வது உத்தியோகம். மற்ற நேரத்தில் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மரவேலை. நான் செய்த ஸ்டூலில் யாரும் இரண்டாவது தடவை உட்கார்ந்ததில்லை. ஊற்றினால் கல்லாக இறுகும் ரெசினில் ஒரு மேசை செய்தேன். என் வேட்டியில் பாதி இன்னமும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் கட்டை, என் அக்கா பாஞ்சாலையின் வீட்டுக்காரர் சின்னசாமி மாமாவுக்காக வாங்கியது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் சோடாக்கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி. வேங்கை மரக் குவளையில் ஊறிய தண்ணீர் சிவந்துவிடும், அதைக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"கடையில வாங்குனா ஏமாத்திடுவானுங்க மச்சான். நீயே பண்ணிக் குடு" என்றார்.

என்னை நம்பி ஒருவர் ஒரு பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டை உடைந்துபோனதைச் சொல்லியிருக்கலாம். அவர் முகம் வாடிவிடுமே என்றிருந்தது. கிடந்த ரப்பர் மரத்தில் ஒரு குவளை கடைந்தேன். அப்போதுதான் ஒரு புது உத்தி கற்றிருந்தேன். மரத்துக்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டால், சாயம் அடிவரைக்கும் இறங்கும். ஒரு பழைய குக்கர், ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய பம்பு, தண்ணீரைச் சிவக்க வைக்கும் பதிமுகப் பட்டை, கொஞ்சம் டீத்தூள். சும்மா சொல்லக் கூடாது, நான் செய்ததிலேயே அது ஒன்றுதான் நினைத்தபடி வந்தது. தண்ணீர் சிவந்ததைப் பார்த்து மாமா குவளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதிமுகம் யாரையும் கொல்லாது. டீத்தூளும் கொல்லாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சில வாரத்தில் நிறம் வெளுத்தது. "சர்வீஸ் பண்ணணும் மாமா" என்று வாங்கிவந்து மறுபடி சாயம் ஏற்றினேன். அப்படி ஒருமுறை வாங்கப் போனபோது அவர் சொன்னார்: "மாத்திரைய நிறுத்திட்டேன் மச்சான். ஒரு உடம்புக்கு எதுக்கு ரெண்டு வைத்தியம்?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவர், பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் திரும்பி, "இவன் கை பட்டா மரம் மருந்தாவுதுங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து, அந்தத் தடவை பதிமுகத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் மாமா வெறுங்காலில் கிரிவலம் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். பாதி வழியில் பார்த்தேன், அவர் வலது குதிகால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக ஈரம். உட்காரவைத்துப் பார்த்தால், ஒரு கண்ணாடித் துண்டு ஆழமாக இறங்கியிருந்தது.

"வலிக்கலையா மாமா?"

"சுத்தமா இல்ல மச்சான். பாத்தியா, உன் கொவளை வேலை செய்யுது."

சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். லாட்ஜில் தங்கும் டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்குட்டையால் கட்டி, மிச்ச தூரத்தையும் நடந்து முடித்தோம். சாமி காரியத்தைப் பாதியில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புண் அழுகிப்போய், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. டாக்டரிடம் சொன்னேன். "எல்லாருமே இப்படித்தான் மாத்திரைய நிறுத்திடறாங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாமாவிடம் சொன்னேன். அரை மயக்கத்தில் இருந்தவர், "கொவளைய சர்வீஸ் பண்ணி வை மச்சான், வீட்டுக்கு வந்ததும் குடிக்கணும்" என்றார். எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில், கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உடைந்த கட்டை, ரப்பர் மரம், குக்கர், கண்ணாடித் துண்டு எல்லாம். அவள் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"அவர் மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா எல்லாம் பண்ணேன்" என்றேன். "இப்போ ஒரு புது முறை வந்திருக்குது. லேசான மரத்து மேல ஃபைபர் துணி சுத்தி, ரெசின் ஊத்துனா இரும்பு மாதிரி நிக்கும். மாமாவுக்கு நானே ஒரு கால் செஞ்சு குடுக்கறேன். அளவெடுக்க டேப்பு கொண்டாந்திருக்கேன். சொல்லுக்கா, நான் பண்ணது அவ்ளோ பெரிய தப்பா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவர் மனசுக்காகன்னு சொல்லாத கொமரேசா. ஊர்ல உன்ன மெச்சுறதுக்கு இருந்த ஒரே ஆளு அவரு. காலு போனாப் போவுது, அந்த வாய் இருந்தாப் போதும்னு விட்டுட்ட."