ஈரச் சாக்கு

டீ நன்றாக இருக்கிறதுங்கம்மா. சர்க்கரை மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலமெல்லாம் கல்யாண வீடுகளில் சமைத்த நாக்கு, சும்மா இருக்காது.

என் மருமகள் அபிநயா தீயில் வெந்து செத்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதை வைத்து எருமப்பட்டிக்குள் ஒரு தவறான பேச்சு திரிகிறது. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். பேச்சு என்ன என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் பெரியசாமி. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. மாஸ்டர் வீடு என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். என் அப்பன் கிணறு வெட்டியவர். அவர் வெடி வைத்து உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து மேலேற்றிய முதுகு இது. மீசை முளைக்கும் முன்பே அந்தப் பள்ளத்திலிருந்து தப்பித்து அடுப்படிக்கு ஓடினேன். அண்டா கழுவினேன், மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தேன், கரண்டிக் காம்பால் அடி வாங்கினேன். அடித்தவர்கள் எல்லாம் செத்த பிறகுதான் என் கைக்குக் கரண்டி வந்தது. மாஸ்டர் என்கிற பேர் எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல.

பன்றிக் கறி மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். கிணற்றில் ஊற்றுக் கண் திறந்த அன்றைக்கு அப்பன் வாங்கி வருவதே பன்றிக் கறிதான். அந்தக் கொழுப்பை நக்கி வளர்ந்த உடம்புதான் இது.

என் மகன் இளவழகன் போர்வெல் ரிக் வண்டியில் போகிறவன். வருஷத்தில் பாதிக்கு மேல் வெளி மாநிலம்தான். வடகிழக்குப் பக்கம் எங்கேயோ துளை போடப் போன இடத்தில், ஒரு வீட்டில் பேக்கன் சாப்பிட்டிருக்கிறான். பன்றியின் வயிற்றுக் கறியில் உப்பு, சர்க்கரை, மிளகு தடவி ஃபிரிட்ஜில் ஊறப்போட்டு, மெல்லிசாகச் சீவி, தட்டில் அடுக்கி ஓவனில் மொறுமொறுவென்று வேகவைத்து எடுப்பது. திரும்பி வந்து பெண்டாட்டியிடம் அதையே பேசிக்கொண்டிருந்தான். அவள் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அடுத்த முறை வந்தபோது அவன் பெரிய கரண்ட் ஓவன் ஒன்றை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தான். அது என் மசாலா டப்பாக்கள் இருந்த இடம். அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஒரு சிட்டிகை பட்டைத் தூள் வேண்டுமென்றாலும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்திலேயே வெண்பன்றிப் பண்ணை இருக்கிறது, கறிக்குப் பஞ்சமில்லை. முதலில் வீட்டுக்கு மட்டும் செய்தாள். பிறகு ஏற்காட்டு லாட்ஜுகளுக்குப் போனது, பெங்களூர் பஸ்ஸில் பார்சல் போனது. எங்கள் தெருவில் அதற்குப் பன்னி அப்பளம் என்று பேர் வைத்தார்கள். அவள் கோபப்படவில்லை. "நல்ல பேருதான், அப்படியே கேளுங்க, இன்னும் ஒரு டப்பா தாரேன்" என்று சிரித்தாள். கெங்கவல்லிக்காரி. எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' சேர்க்கத் தெரியாது, வெடுக்கென்றுதான் பேசுவாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள்.

வெந்ததில் முதல் துண்டை எனக்குத்தான் கொண்டுவருவாள்.

"உப்பு பாருங்க மாமா."

"பரவால்ல."

"ஒரு தடவையாச்சும் நல்லா இருக்குன்னு சொல்லுங்களேன். சொன்னா என்ன, கையில இருக்குற கரண்டி கீழ விழுந்துருமா?"

நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் சாறு, உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வேலை குறைந்து போனது அவளால்தான். பன்னி வேகிற வீட்டு மாஸ்டரைச் சைவப் பந்திக்கு யார் கூப்பிடுவார்கள்? இப்படி யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது. வெளியூர்க் கேட்டரிங்காரர்கள் வந்து மண்டபங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டது அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த வாசனையும் ஒரு காரணம். நான் சும்மா இருப்பதைப் பார்த்து மகன் போனில் சொன்னான்: "ஏனுங்ப்பா, சும்மாதான இருக்கறீங்க, அபிக்கு அந்தத் தட்டு கிட்டக் கழுவிக் குடுங்க." கழுவிக் கொடுத்தேன். பன்றிக் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி பிடித்துக்கொள்ளும். சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் விடும். எந்த வயதில் பாத்திரம் தேய்ப்பதை விட்டேனோ, அதற்கே திரும்பப் போய் உட்கார்ந்தேன். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் என் அக்கா மாரக்காள் பேரனுக்குக் காது குத்தினார்கள். கிடா வெட்டி விருந்து. எங்கள் சொந்தத்தில் விசேஷம் என்றால் கறி என்னுடையதுதான், கூலி வாங்கமாட்டேன். விடியுமுன்னே அடுப்பு மூட்டி வறுவல் போட்டேன். அபிநயா ஒரு பெரிய டப்பா நிறையப் பேக்கன் கொண்டுவந்திருந்தாள். பந்தி முடிந்தபோது அந்த டப்பாவில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. என் அண்டாவில் பாதி வறுவல் அப்படியே இருந்தது.

அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன்டா பெரியசாமி, உன்ர கறிய நாய்க்குத்தான் போடோணுமாட்ட இருக்குது. மருமக டப்பாவப் பாரு, வழிச்சு நக்கிப் போட்டானுங்க."

பந்தியில் எவனோ எடுத்துக் கொடுத்தான்: "ஏனுங் மாஸ்டரு, பேசாம அந்தப் புள்ளகிட்டயே கைவேலைக்குச் சேந்துக்குங்க."

"தட்டுக் கழுவறதுக்குச் சேந்தாச்சுங்களாமா" என்று இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதது அபிநயா மட்டும்தான். "சும்மா இருங்க எல்லாரும். மாமாகிட்ட நான்தான் இன்னும் கத்துக்கணும்" என்று சத்தம் போட்டாள்.

எனக்காகப் பரிந்து பேசினாள். எனக்காக ஒருத்தர் பரிந்து பேச வேண்டிய நிலை அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லைங்கம்மா.

அந்த வார்த்தையை அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. மறுநாளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "மாமா, நெஜமாத்தான் கேக்குறேன். வேக வேகக் கொழுப்பு உருகித் தட்டுல குளமா நிக்குது. அது தீப்புடிச்சுக்கிட்டா என்ன பண்றது? நீங்க எத்தன எண்ணெய்ச்சட்டி பாத்திருப்பீங்க."

அவள் கேட்டது சரியான ஆளிடம்தான். சேந்தமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்தில் அன்பழகன் என்கிற என் கையாள், வடைச்சட்டியில் தீப்பிடித்ததைப் பார்த்துப் பதறி, ஒரு சொம்புத் தண்ணீரை அதில் வீசிவிட்டான். தண்ணீர் கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போய் வெடிக்கும். எண்ணெய் முழுவதும் தீயாக மேலே எழும்பும். பந்தல் கூரை வரைக்கும் எழும்பியதை நான் பார்த்தேன். அன்பழகன் முகம் அதோடு போனது. அதற்குப் பிறகு என் அடுப்படியில் ஒரு சட்டம் வைத்தேன். எண்ணெய்ச்சட்டிப் பக்கம் தண்ணீர்ச் சொம்பு வரக்கூடாது. தாகத்துக்குக் குடிக்க எடுத்து வந்தாலும் அடிப்பேன். அடி வாங்காத ஆள் என்னிடம் வேலை பார்த்ததில்லை. சட்டிக்குப் பக்கத்தில் பிழிந்த ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கும். தீப்பிடித்தால் அதை மேலே போட்டு மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அபிநயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "தண்ணிய ஊத்தீரு சாமி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நெறையா ஊத்தோணும். கொஞ்சமா ஊத்துனா அணையாது."

அது ஒரு பதில். ஒரு பதிலால் யாரும் சாவதில்லை. தீப்பிடித்தால்தானே தண்ணீர் ஊற்றப் போகிறாள்? பிடிக்காமலேயே போயிருக்கலாம். அதை அந்த மாரியாத்தாவிடம்தான் விட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு குடம் நிரப்பி ஓவன் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களா, மாமாவுக்கு எம்மேல எவ்ளோ அக்கறை" என்று போனில் இளவழகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் குழிவான தட்டுகளில்தான் அடுக்குவாள். அடி தட்டையாக இருந்தால் இன்னும் மொறுமொறுப்பு வரும் என்று சொல்லி, என் பழைய பலகாரத் தட்டு ஒன்றைத் தேய்த்துக் கொடுத்தேன். மொறுமொறுப்பு வந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஓரம் தாழ்ந்த தட்டு, கொழுப்பு வழியும், அது வேறு விஷயம். கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கையும் நனைத்துப் பிழிந்து போட்டு வைத்தேன். காய்ந்தால் திரும்ப நனைத்தேன். வீடு நான் கட்டியது. ஒவ்வொரு செங்கல்லும் ஒரு பந்தி. அது எரிந்து போவதில் யாருக்கு என்ன லாபம்?

அன்றைக்குப் பெரிய ஆர்டர். மத்தியானச் சாப்பாடு முடித்து நான் வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். வாசனை வந்துகொண்டிருந்தது. பிறகு வாசனை மாறியது. கறி வேகிற வாசனைக்கும் கொழுப்பு கருகுகிற வாசனைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"மாமா, தீ! மாமா!"

வாசற்படியில் நின்றபடியே பார்த்தேன். ஓவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தட்டு முழுவதும் மஞ்சளாக எரிந்தது. கதவைச் சாத்தி ஸ்விட்சை அணைத்திருந்தால் தானாக அடங்கியிருக்கும். அவள் குடத்தைத் தூக்கினாள். ஆனால் உடனே ஊற்றவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். ஊற்றட்டுமா என்று கேட்கிற பார்வை.

நான் குரலை உயர்த்தவில்லை. "ஊத்து சாமி" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததில் ஒரு குறையும் கிடையாது. முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த சாக்கை எடுத்தேன். அவள் சேலையும் எரிந்துகொண்டிருந்தது, மேடையும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு சாக்குதான் இருந்தது. மேடை மேல் போட்டேன். அங்கே அடங்கிய பிறகு அதே சாக்கை எடுத்து அவள் மேல் போர்த்தினேன். கரும்புகை சுவரில் கொஞ்சம் அப்பியதோடு சரி. வெள்ளையடித்தால் போய்விடும்.

சேலம் ஆஸ்பத்திரியில் சில நாள் உயிரோடு கிடந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்தது வாய் மட்டும்தான். இளவழகன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து காலடியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனோடு பேசியதைவிட என்னோடு பேசியது அதிகம்.

"மாமா, நீங்க சொன்னாப்லதான் ஊத்துனேன். கொஞ்சம் லேட்டாயிருச்சு போல."

"பேசாதே சாமி."

"ஓவன் போயிருச்சா மாமா?"

"இல்ல சாமி. நல்லாத்தான் இருக்குது."

உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். தப்பு தன்மேல்தான் என்று. நல்ல பிள்ளை. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

விவகாரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எழவு வீட்டில் அவளுடைய அப்பா, கெங்கவல்லிக்காரர், கேட்டுவிட்டார்: "எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?" என் மகன் எழுந்து கைகூப்பினான். "மாமா, எங்கப்பா சொன்னதுதானுங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவருக்கு அதெல்லாம் தெரியாதுங்க. வெறகடுப்புல பழகுன மனுசன்."

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அக்கா மாரக்காள் என் தலையைத் தடவி, "பாவம், தெரியாமச் சொல்லிப்போட்டான்" என்று அழுதாள். பெற்ற மகன், நாற்பது வருஷம் எண்ணெய்ச்சட்டி முன்னால் நின்றவனைப் பார்த்துத் தெரியாது என்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. துக்க வீடு.

நேற்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். "சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டா, எண்ணெயில தண்ணி ஊத்தப்படாதுன்னு. இது தெரியாத ஆளை இத்தன நாளா மாஸ்டரு மாஸ்டருன்னு கூப்பிட்டிருக்கறோம் பாரு." டீ குடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அவள் செத்த பிறகு நான் தூங்காமல் கிடந்தது நேற்று மட்டும்தான்.

அந்தப் பேச்சைத் திருத்தத்தாங்கம்மா வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்ட அன்றைக்கும் தெரியும், காலையில் குடம் நிரப்பும்போதெல்லாம் தெரியும், வாசற்படியில் நின்று ஊத்து என்று சொன்னபோதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். என் மகனைக் கூப்பிட்டு இதை நீங்களே சொல்லிவிடுங்கள். டீக்கடை வரைக்கும் போகட்டும்.

கொலைகாரன் என்று பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஸ்டருக்குத் தொழில் தெரியாது என்று மட்டும் ஒருத்தனும் பேசக்கூடாது.